டும்பி விழுகிற காட்சி

ஜூன் 3

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் ரம்லத் இன்று எனக்கும் வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டாள். என் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார், எப்போது சொல்கிறார் என்று தினமும் எழுதி வைக்க வேண்டுமாம். "ஒரு வரி போதும் ஆன்ட்டி, மறக்காம எழுதுங்க" என்றாள். ஒரு வரிக்குக்கூடத் தேறாது என்று அவளுக்கும் தெரியும்.

இன்று சொன்னது: ரைட்.

காபி வேண்டும் என்பதற்கு ரைட். காபி சுடுகிறது என்பதற்கும் ரைட். கால் மரத்துப்போச்சு, ஃபேனைக் குறை, அந்தச் சட்டை வேண்டாம், எல்லாமே ரைட்தான். மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் வாரிக்கொண்டு போனபோது இந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. வேணி என்கிற என் பெயரும் போனவற்றில் சேர்த்தி.

ஜூன் 4

ரைட்.

ஜூன் 5

ரைட். மாலையில் ஒரு முறை கெட்ட வார்த்தை மாதிரி ஏதோ வந்தது. பக்கத்தில் போய்க் கேட்டால் மறுபடியும் ரைட்.

ஜூன் 8

டப்பிங் ஸ்டூடியோவிலிருந்து சவுண்ட் இன்ஜினியர் தன்ராஜ் கூப்பிட்டான். "வேணிக்கா, உட்கார்ந்திருக்கீங்களா? டும்பி திரும்பி வருது."

சிரிப்புத்தான் வந்தது. டும்பி செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. 'மாயவால் தீவு' கார்ட்டூனின் முதல் பாகத்தில் அதற்குத் தமிழில் குரல் கொடுத்தவள் நான். ஆறு காதும் சுருட்டை வாலும் உள்ள ஒரு பிராணி. அதை வளர்க்கிற பையன் கைரோ. விளக்குத் திருவிழா அன்று டும்பி மலை உச்சியிலிருந்து கடலில் விழுந்துவிடும். அன்று எத்தனை வீடுகளில் பிள்ளைகள் சோறு சாப்பிடாமல் அழுதார்கள் என்று எனக்குத் தெரியாது. எதிர்வீட்டுப் பிள்ளை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு கைரோவுக்குப் புதிதுபுதிதாகப் பிராணிகள் வந்தன. தீயைக் கக்கியது ஒன்று, மழையைக் கொண்டுவந்தது ஒன்று. இப்போது சரக்குத் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. கதை தீர்ந்துபோனால் காலத்தைத் திருப்பிவிடுவார்கள், இந்த மாதிரித் தொடர்களில் அதுதான் வழக்கம். செத்தது வரும், பழைய பாட்டு வரும், அன்றைக்கு அழுத பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகும் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

ஒத்துக்கொண்டேன். எனக்கும் வேலை வேண்டும். மேல்வீட்டு எஸ்தர் பகலில் இவரைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

ஜூன் 12

முதல் நாள் ரெக்கார்டிங். டும்பியின் குரலை இப்போது தொண்டைக்குள் தேட வேண்டியிருக்கிறது. வெந்நீர், மிளகு, அதிமதுரம் எல்லாம் ஆன பிறகு பத்தில் நாலு வசனம்தான் சரியாக வந்தது. தன்ராஜ் பொறுமைசாலி. "இன்னொரு டேக் போலாம்க்கா, நல்லாத்தான் இருந்துச்சு" என்பான். நன்றாக இருந்தால் எதற்கு இன்னொரு டேக்?

கதை இதுதான். நாழி என்று ஒரு மீன். காலத்தில் எதிர்நீச்சல் போடும். கைரோ அதன் முதுகில் ஏறிப் பழைய நாட்களுக்குப் போகிறான். அங்கே பார்க்கலாம், கேட்கலாம், ஆனால் தொட முடியாது. இவன் எவ்வளவு கத்தினாலும் அங்கே யார் காதிலும் விழாது. டும்பி முட்டையிலிருந்து வந்ததையும், நீந்தப் பழகியதையும், இவன் மடியில் தூங்கியதையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறான். மறுநாளும் போகிறான்.

அவன் அங்கே இருக்கும்போது, இப்போது அவன் வளர்க்கிற கொண்டல் என்கிற மழைப்பிராணி கரையில் காத்துக்கொண்டிருக்கும். அங்கே ஒரு நிமிஷம் கழிந்தால் கரையில் ஒரு பகல் போய்விடும். அவன் கையால் கொடுக்காமல் அது எதையும் தின்னாது.

இன்று சொன்னது: ரைட்.

ஜூன் 19

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

டும்பி விழுகிற காட்சி இந்தப் பாகத்திலும் வருகிறது. பழைய காட்சிதான். ஆனால் இந்த முறை கூட்டத்துக்கு நடுவில் நின்று கைரோ அதைப் பார்க்கிறான். அந்த ஒன்றுக்கு மட்டும் பழைய ஒலியையே போட வேண்டும் என்று வேலை கொடுத்த கம்பெனி சொல்லிவிட்டது. தன்ராஜ் பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடி எடுத்து, ஒவ்வொரு டிராக்காகத் தனித்தனியே ஓட்டினான். என் அலறல். மேளம். அப்புறம் கூட்டத்தின் கூச்சல்.

கூட்டம் என்றால் கூட்டமெல்லாம் இல்லை. நாலைந்து பேரை நிற்க வைத்து, கத்தச் சொல்லி, அதையே அடுக்கிக் கூட்டமாக்குவோம். ஆள் போதாவிட்டால் டீ கொண்டுவந்தவரையும் உள்ளே தள்ளிவிடுவோம். அதில் ஒரே ஒரு சட்டம்தான். எந்த வார்த்தையும் தனியாகப் புரியக்கூடாது.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஓர் ஆண் குரல்.

"வேணி! ஏய் வேணி!"

தன்ராஜ் நிறுத்தினான். பின்னால் இழுத்து மறுபடி ஓட்டினான். எனக்கு முதல் தடவையிலேயே தெரிந்துவிட்டது. மறந்தே போயிருந்தேன். அன்றைக்கு நான் சாப்பாட்டுக் கூடையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். இவர் டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு அதை எடுத்துக்கொண்டு வந்தார். கூட்டத்துக்கு ஆம்பிளைக் குரல் குறைகிறது, அதுவும் கண்டக்டர் தொண்டை, விடுவார்களா? ஹெட்போனை மாட்டி நிற்க வைத்துவிட்டார்கள். டும்பி என்று கத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் மைக் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு அலறிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்தவருக்கு டும்பியாவது, கிம்பியாவது.

அன்று மேளச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. இத்தனை வருஷம் உள்ளேயே கிடந்திருக்கிறது.

"சற்குணம் சாருங்களா?" என்று கேட்டான் தன்ராஜ். நான் தலையை ஆட்டினேன். அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. அந்தத் துண்டை மட்டும் வெட்டி என் போனுக்கு அனுப்பினான்.

பேருந்தில் ஒரே ஒரு தடவை கேட்டேன். வளசரவாக்கம் வருவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

ஜூன் 20

அவருக்குப் போட்டுக் காட்டினேன். தலையைத் திருப்பி வாசல் கதவைப் பார்த்தார். யாரோ வந்து என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. போனைக் காட்டி, "நீங்கதாங்க, உங்க குரல்தான்" என்றேன். மறுபடி போட்டேன். உற்றுக் கேட்டார். வாயைத் திறந்தார். உதடு குவிந்தது. நான் இன்னும் கிட்டப் போய்க் குனிந்தேன்.

ரைட்.

பரவாயில்லை. உதடு குவிந்ததே பெரிய விஷயம்.

ஜூன் 23

காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை போட்டுக் காட்டுகிறேன். மருந்து மாதிரி.

ஜூன் 27

இந்தக் கைரோவைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. இன்று எடுத்த பகுதியில் கொண்டல் எலும்பும் தோலுமாகக் கரையில் கிடக்கிறது. இவன் நனைந்த துணியோடு வந்து, "இன்னிக்கு டும்பி என்னைப் பார்த்துச் சிரிச்சுது கொண்டல்" என்று அதனிடமே கதை சொல்கிறான். அறிவுகெட்ட பயல். அது இவனைப் பார்த்தா சிரித்தது? அன்றைக்கு இருந்த கைரோவைப் பார்த்தல்லவா சிரித்தது.

எஸ்தருக்கு ஜுரம் என்று மத்தியானமே வந்துவிட்டேன். கொஞ்ச நேரம் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கஞ்சி கொடுக்கும்போது மணி நாலு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரைட்கூடச் சொல்லவில்லை.

ஜூலை 1

ஸ்பூனைத் தூக்கி எறிந்துவிட்டார். போனை எடுத்ததும்தான் எறிந்தார் என்று நான் நினைக்கவில்லை. கஞ்சியில் உப்பு குறைவு.

ஜூலை 2

ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 3

ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 6

ரம்லத் வந்தாள். படங்களைக் காட்டி அவரைப் பேச வைக்கப் பார்த்தாள். குடை, தட்டு, வாழைப்பழம். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "போன வாரம் நல்லா ஒத்துழைச்சாரே, என்னாச்சு ஆன்ட்டி?" என்றாள். தெரியவில்லை என்றேன். அந்த நேரம் பார்த்து எனக்குப் போன் வந்தது. கையில் எடுத்தேன். அவ்வளவுதான், இடது கையால் காதைப் பொத்திக்கொண்டு நாற்காலியோடு பின்னால் தள்ளினார். விழப் பார்த்தார்.

ரம்லத் என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டியதாயிற்று. கிளிப்பையும் போட்டுக் கேட்டாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி போடுவீங்க?"

"ரெண்டு."

"ஆன்ட்டி."

"எண்ணலைம்மா."

"அங்கிளுக்கு அது யாருன்னு நல்லாத் தெரியுது. இவருக்குப் பேச்சுதான் போச்சு, புத்தி போகலை. அந்த மாதிரி கூப்பிட முடியலைங்கறதை ஒவ்வொரு வாட்டியும் அவருக்கே போட்டுக் காட்டறீங்க. நீங்க பழைய அங்கிளைத் தேடிக்கிட்டு இருக்கீங்க. இவரு இங்கதான உக்காந்திருக்காரு?"

சின்னப் பெண், வாய் கொஞ்சம் நீளம். அவள் போன பிறகு பாத்திரங்களை அடுக்களைத் தொட்டியில் போட்டுவிட்டு அழுதேன். அழுது முடித்துப் பாத்திரங்களைத் துலக்கினேன்.

எனக்கு அந்தக் குரல் வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து தெருமுனையிலிருந்தே என்னைக் கூப்பிட்டுக்கொண்டு வருவார். மானம் போகிறது, மெதுவாகக் கூப்பிடுங்கள் என்று எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன். இப்போது அந்த ஒரு கூப்பாட்டுக்காகத்தான் நாள் முழுக்க ஏங்கிக்கொண்டு கிடக்கிறேன். அவருக்கு வலிக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் போட்டேன்.

ஜூலை 7

போடவில்லை. அவர் முன்னால் போடவில்லை.

ஜூலை 15

ஆட்டம் முடிந்தது. கம்பெனியிலிருந்து அந்தப் பகுதி திரும்பி வந்துவிட்டது. இந்த முறை மேளம் இல்லை. டும்பி விழும்போது இசையை நிறுத்தி, கூட்டத்தின் சத்தத்தை மட்டும் விட்டிருக்கிறார்கள். கைரோ கூட்டத்துக்குள் நிற்கிறானே. இவர் குரல் கணீரென்று கேட்கிறது. 'வேணி என்று இந்தக் கதையில் யாரும் கிடையாது. கூட்டத்தின் குரலைப் புதிதாக எடுக்கவும்' என்று குறிப்பு எழுதிவிட்டார்கள்.

"டும்பிக்கு வேணின்னு ஒரு செல்லப் பேரு இருந்துச்சுன்னு எழுதிப் பாக்கட்டுமாக்கா?" என்றான் தன்ராஜ், பாவம். விடுப்பா என்றேன்.

எனக்குக் கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. அவர்கள் சொல்வது நியாயம்தான். கூட்டத்தில் ஒரு வார்த்தை தனியாகப் புரியக்கூடாது. தொழிலே அதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானே கவனித்திருந்தால் நானே எடுக்கச் சொல்லியிருப்பேன்.

"பழைய குரலோட ஒத்துப் போற மாதிரி ஆளுங்களா வேணுமாம். நல்லா கனமான ஆம்பிளைக் குரல் ஒண்ணு வேணும்" என்றான்.

வீட்டுக்கு வந்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தெருவில் போகிற பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நிறுத்தத்தை விட்டு நகரும்போது, "ரைட்" என்றார். கனமான குரல்தான். குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 16

தன்ராஜிடம் சொன்னேன். "கூட்டத்துல வார்த்தை புரியக்கூடாது, அவ்வளவுதான சட்டம்? எங்க வீட்ல ஒருத்தர் இருக்காரு. என்ன பண்ணாலும் வார்த்தை வராது."

என்றைக்கு வருவார் என்று கேட்டான். அப்புறம், "ஆட்டோ நான் அனுப்பறேன்க்கா" என்றான்.

ஜூலை 20

சட்டையை எடுத்துக் காட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இன்னொன்றைக் காட்டினேன். அதுவும் வேண்டாம். அலமாரியைக் காட்டினார். காக்கிச் சட்டை வேண்டுமாம். இடுப்பில் பை இல்லாததுதான் குறை. ஆட்டோவில் ஏற்றுவதற்குள் எனக்கும் எஸ்தருக்கும் முதுகு போய்விட்டது. போகிற வழியெல்லாம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ரைட் சொல்லிக்கொண்டு வந்தார். ஆட்டோக்காரருக்கு ஒரே குஷி.

ஸ்டூடியோவில் மூன்று பேர் தயாராக நின்றார்கள். இவருக்கு நாற்காலி போட்டுப் பக்கத்தில் மைக்கை இறக்கி வைத்தான் தன்ராஜ். "சார், திரையில அது விழும். அப்ப நீங்க கத்தணும். என்ன வேணா கத்துங்க." இவர் ரொம்பக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

டும்பி விழுந்தது. மூன்று பேரும் கத்தினார்கள். இவரும் கத்தினார்.

"ரைட்!"

தன்ராஜ் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டு சிரித்தான். விழுகிற பிராணிக்கு ரைட் கொடுத்த ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார். நானும் சிரித்துவிட்டேன். சிரித்து எத்தனை நாளாயிற்று. இவருக்கு முகம் சுண்டிவிட்டது. இரண்டாவது டேக்கிலும் ரைட்தான். மூன்றாவதில் வாயையே திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். கூட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாது என்று நினைத்தேன். கிளிப்பைப் போட்டுக் காட்டியது போதாதென்று, ஊரார் முன்னால் வேறு கொண்டுவந்து நிறுத்திவிட்டேனே என்று எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

தன்ராஜ் சொன்னான், "அக்கா, அலறலை டிராக்ல ஓட்டறதுக்குப் பதிலா நீங்க உள்ள போய்க் குடுங்களேன். அன்னிக்கும் ஒரே நேரத்துலதான எடுத்தோம்."

போனேன். இவருக்குப் பக்கத்தில் இன்னொரு மைக் முன்னால் நின்றேன். விளக்கு எரிந்தது. திரையில் டும்பியின் கால் வழுக்கியது. பத்து டேக் எடுத்தும் வராத குரல், எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அலறினேன். அது டும்பி இல்லை. போன வருஷம் குளியலறைக் கதவைத் திறந்து இவர் விழுந்து கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு வராமல் போன சத்தம் அது.

இவர் கத்தினார். வார்த்தை இல்லை. ரைட்டும் இல்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம், நீளமாக, உடைந்து, மறுபடி எழுந்து. இடது கையால் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். நான் தடுமாறி நாற்காலியின் மேலேயே சாய்ந்துவிட்டேன். மைக் ஸ்டாண்டு விழுந்தது.

தன்ராஜ் நிறுத்தவில்லை. கடைசி வரை எடுத்துவிட்டான்.

பக்கத்தில் நின்ற ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார் யாரு, நாடக ஆர்ட்டிஸ்ட்டா?" என்று கேட்டார்.

"கண்டக்டர்" என்றேன்.

ஆகஸ்ட் 2

அந்தப் பகுதியைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. கூட்டத்தின் குரல் நன்றாக இருக்கிறது என்று தனியாக எழுதியிருக்கிறார்களாம். அவரிடம் சொன்னேன். காலரைச் சரிசெய்துகொண்டார்.

ஆகஸ்ட் 9

ரைட், ரைட், ரைட். ரம்லத்துக்குச் சந்தோஷம், பழையபடி ஒத்துழைக்கிறார். வாழைப்பழப் படத்தைப் பார்த்து 'வா' வரை வந்தார். அப்புறம் பழத்தையே எடுத்துத் தின்றுவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் வலி. இந்த வாழ்க்கை எளிதாகிவிட்டது என்று ஒன்றும் எழுத மாட்டேன். ராத்திரி அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது.

ஆகஸ்ட் 24

இன்று காலை டிவியில் வந்தது. தோசையைப் பிய்த்துத் தட்டில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எஸ்தரும் வந்திருந்தாள்.

டும்பி விழுந்தது. இசை நின்றது. கூட்டம் கத்தியது. அதற்குள் அவர் குரல் இருந்தது. தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், எஸ்தருக்குத் தெரியவில்லை. அவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கையால் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

"ஆமா, நீங்கதான்" என்றேன்.

கைரோ கரைக்கு வந்தான். கொண்டல் தலையைத் தூக்கவும் தெம்பில்லாமல் கிடந்தது. அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் நாழி மீனைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டான். அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. இந்தக் கடைசிப் பகுதியில் எனக்கு வசனம் கிடையாது என்பதால் இதை நான் முன்பே பார்த்திருக்கவில்லை.

விளம்பரம் வந்தது. என் கை என்னையறியாமல் போனுக்குப் போயிற்று. அவர் பார்த்துவிட்டார். காதைப் பொத்தவில்லை, எறியவில்லை. இடது கையை என் கைமேல் வைத்து, போனை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். அப்புறம் தோசைத் தட்டைக் காட்டினார். ஆறிப்போயிருந்தது. அவர் பசியோடு இருந்தார்.

"ரைட்" என்றார்.

ஊட்டினேன். தொட்டுக்கொள்ளச் சட்னி போதவில்லை என்று இன்னும் போட்டுக்கொண்டு வந்தேன். ஒன்றுக்கு இரண்டு தோசை சாப்பிட்டார்.

கிளிப்பை அழித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். முழுசாக அழிக்கவில்லை. தன்ராஜிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, என் போனிலிருந்து மட்டும் எடுத்துவிட்டேன்.

மத்தியானம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது கீழே ஜன்னலிலிருந்து ரைட், ரைட் என்று சத்தம். தெருவில் பேருந்து எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். மறுபடியும், இன்னும் சத்தமாக, தெருமுனை வரை கேட்கிற மாதிரி. என்னைத்தான் கூப்பிடுகிறார்.

"வரேங்க" என்று மேலிருந்தே கத்தினேன்.